கசுஷி சகுராபா

கசுஷி சகுராபா (பிறப்பு: 14 ஜூலை 1969) ஜப்பானின் அகிதா மாகாணத்தில் பிறந்த மல்யுத்த வீரர். எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் அந்நாடு ஈன்ற வீரர்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர். 1999 நவம்பர் முதல் 2000 டிசம்பர் வரையிலான பதின்மூன்று மாதங்களில், ஜியு-ஜிட்சு கலையில் புகழ்பெற்ற பிரேசிலின் கிரேசி குடும்பத்தினர் நால்வரை வென்று ‘கிரேசி வேட்டைக்காரர்’ என்ற பெயர் பெற்றார்.

பயிற்சியும் தொடக்கமும்

சிறுவயதில் ‘டைகர் மாஸ்க்’ என்ற முகமூடி மல்லரைப் பார்த்து மல்யுத்தத்தின் மேல் ஆசை கொண்டார். பள்ளியிலும் பிறகு டோக்கியோவின் சுவோ பல்கலைக்கழகத்திலும் ஒலிம்பிக் முறை மல்யுத்தம் பயின்றார். பின்னர் நொபுஹிகோ தகாதாவின் யு.டபிள்யூ.எஃப். இன்டர்நேஷனல் குழுவில் சேர்ந்தார். அது காட்சி மல்யுத்தக் குழு. மேடையில் யார் வெல்வது என்பது முன்பே பேசிவைக்கப்படும். பயிற்சிக்கூடத்திலோ பிடிகளும் பூட்டுகளும் மெய்யாகவே கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்தின் விகான் நகரத்துப் பழைய மல்யுத்த மரபில் வந்த பில்லி ராபின்சன் அங்கே ஆசானாக இருந்தார். மூட்டுகளைப் பூட்டி எதிராளியைப் பணியவைக்கும் சகுராபாவின் திறமைக்கு வேர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்தவர்கள் வெறும் நாடகம் என்று ஒதுக்கிய ஒரு தொழில், உலகின் தலைசிறந்த பூட்டு வல்லுநர்களில் ஒருவரை உருவாக்கியது என்பதைக் குறிப்பிடாமல் அவர் வரலாறு முழுமை பெறாது.

1997 டிசம்பர் 21 அன்று யோகோஹாமாவில் நடந்த யு.எஃப்.சி. என்னும் அமெரிக்க எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டியில் கனஎடைப் பிரிவில் களமிறங்கினார். எதிரே நின்ற மார்கஸ் சில்வேரா நூறு கிலோவைத் தாண்டியவர். அடி வாங்கியபடியே அவர் காலைப் பிடிக்கச் சகுராபா குனிந்ததை, மயங்கி விழுந்ததாக நினைத்து நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். சகுராபா மேடையை விட்டு இறங்க மறுத்தார். முடிவு ரத்துசெய்யப்பட்டு, அன்றிரவே இருவரும் மீண்டும் மோதினர். இம்முறை சகுராபா சில்வேராவின் கையை நீட்டிப் பூட்டி அவரைப் பணியவைத்தார். காட்சி மல்லர்கள் உண்மையிலேயே பலசாலிகள்தாம் என்று அரங்கிலேயே அறிவித்தார். குருவான தகாதா இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் ரிக்சன் கிரேசியிடம் எளிதில் தோற்றிருந்தார். ஜப்பானிய மல்யுத்த ரசிகர்களின் மானம் அடிபட்டுக் கிடந்த அந்த வேளையில் சகுராபாவின் வெற்றி அவர்களைத் தலைநிமிர வைத்தது.

கிரேசி குடும்பத்துடன் மோதல்

1998 முதல் பிரைட் என்னும் ஜப்பானிய எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிகளில் ஆடினார். கார்லோஸ் நியூட்டனைக் காற்பூட்டில் பணியவைத்ததும், 1999 ஏப்ரலில் விட்டோர் பெல்போர்ட்டைப் புள்ளிகளில் வென்றதும் அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தன.

1999 நவம்பர் 21 அன்று ராய்லர் கிரேசியைச் சந்தித்தார். நின்றபடியே உதைத்து எதிராளியைக் களைப்படையச் செய்துவிட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் கையை முதுகுப்புறம் மடக்கித் தோளை முறுக்கும் கிமுரா பூட்டைப் போட்டார். ராய்லர் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவர் தாமே நிறுத்தினார். ராய்லர் எடையில் பல கிலோ குறைந்தவர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. 1951இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, ராய்லரின் தந்தை ஹீலியோ கிரேசியின் கையை இதே பிடியால் முறித்தார். அன்றும் ஹீலியோ பணியவில்லை. அவர் தரப்பினர்தாம் ஆட்டத்தை நிறுத்தினர்.

நடுவர் தலையீட்டை ஏற்காத கிரேசி தரப்பு, அடுத்த மோதலுக்குத் தனி விதிகளைக் கேட்டுப் பெற்றது. சுற்றுக்கு 15 நிமிடம், எத்தனை சுற்றானாலும் சரி, நடுவர் நிறுத்தக்கூடாது, புள்ளித் தீர்ப்பும் கிடையாது. சகுராபா ஒப்புக்கொண்டார். 2000 மே 1 அன்று டோக்கியோ டோமில், முதல் யு.எஃப்.சி. போட்டியின் வாகையரான ராய்ஸ் கிரேசியுடன் மோதினார். முகமூடி அணிந்த தோழர்களோடு தாமும் முகமூடியிட்டுச் சிரிப்பொலிக்கு நடுவே மேடையேறினார். ராய்ஸ் அணிந்திருந்த ஜியு-ஜிட்சு உடையே அவரைப் பிணிக்கும் கயிறாயிற்று. சகுராபா அதைப் பற்றி இழுத்து அடித்தார். சுற்றுக்குச் சுற்று விழுந்த உதைகளால் ராய்ஸின் தொடை செயலிழந்தது. ஆறு சுற்றுகள், 90 நிமிடங்கள். ஏழாம் சுற்றுக்கு ராய்ஸால் எழ முடியாததால் அவர் தரப்பினர் துண்டை வீசினர். களத்தருகே முதியவர் ஹீலியோ அமர்ந்திருந்தார்.

அது தொடர்போட்டி என்பதால், அதே இரவில் சகுராபா அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். உக்ரைனின் இகோர் வோவ்சான்சின் அவரைவிட மிகக் கனமானவர், குத்துகளுக்குப் பேர்போனவர். 15 நிமிடம் சமமாகத் தாக்குப்பிடித்த பிறகே சகுராபாவின் தரப்பினர் ஆட்டத்தைக் கைவிட்டனர். ஒரே இரவில் 105 நிமிடச் சண்டை. இந்த விளையாட்டின் வரலாற்றில் மனிதத் தாங்குதிறனுக்கு இதைவிடப் பெரிய சான்று காட்டுவது அரிது.

அந்த ஆகஸ்டில் ரென்சோ கிரேசியின் முழங்கை கிமுரா பூட்டில் பிசகியது. அவரும் தட்டவில்லை, ஆனால் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றார். டிசம்பரில் ரயான் கிரேசி புள்ளிகளில் வீழ்ந்தார். சகுராபா அறைகூவிய ரிக்சன் மட்டும் கடைசிவரை அவரோடு மோதவில்லை.

எடையும் விலையும்

2001 மார்ச் 25 அன்று பிரேசிலின் வாண்டர்லே சில்வா அவரை இரண்டு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். தரையில் கிடப்பவரின் தலையில் முழங்காலால் இடிப்பதையும் உதைப்பதையும் புதிய விதிகள் அனுமதித்த முதல் நிகழ்ச்சி அது. இடையில் குவின்டன் ஜாக்சனைக் கழுத்துப்பிடியில் பணியவைத்து மீண்டாலும், நவம்பரில் சில்வாவுடனான மறுமோதலில் காறை எலும்பு முறிந்தது. 2002இல் குரோவேஷியாவின் மிர்கோ ‘குரோ காப்’ பிலிபோவிச்சிடம் கண்குழி எலும்பு உடைந்தது. 2003இல் சில்வாவிடம் மூன்றாம் முறையாகத் தோற்றார்.

இவற்றை வெறும் தோல்விகளாக எண்ணுவது தவறு. சகுராபாவின் இயல்பான எடை சுமார் 85 கிலோ. பிரைட்டின் நடுஎடைப் பிரிவோ 93 கிலோ வரை சென்றது. அதற்கும் மேற்பட்டவர்களோடும் அவரை மோதவிட்டார்கள். அரங்கம் நிறைய அவர் பெயர் வேண்டியிருந்தது. அவர் உடலைப் பற்றிய அக்கறை அமைப்பாளர்களிடம் அந்த அளவுக்கு இருக்கவில்லை. பொருத்தமான எடையில் மட்டும் ஆடியிருந்தால் அவருடைய உச்சக்காலம் இன்னும் சில ஆண்டுகள் நீண்டிருக்கும்.

2006இல் ஹீரோஸ் அமைப்புக்கு மாறினார். அவ்வாண்டின் இறுதி நாளில் யோஷிஹிரோ அகியாமாவுடன் நடந்த மோதலின்போது எதிராளியின் உடல் வழுக்குவதாக நடுவரிடம் முறையிட்டுக்கொண்டே அடி வாங்கினார். அகியாமா உடலில் களிம்பு பூசியிருந்தது பின்னர் உறுதியாகி, முடிவு ரத்தானது. 2007 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ராய்ஸ் புள்ளிகளில் வென்றார். ஆனால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். 2010 இறுதியில் மாரியஸ் ஜரோம்ஸ்கிஸுடன் ஆடும்போது சகுராபாவின் காது கிழிந்து தொங்கியதால் மருத்துவர் ஆட்டத்தை நிறுத்தினார். 2012இல் நியூ ஜப்பான் நிறுவனத்தில் காட்சி மல்யுத்தத்துக்குத் திரும்பினார். 2015 டிசம்பரில் ஷின்யா ஆவோகியிடம் தோற்றது அவருடைய கடைசி எம்.எம்.ஏ. ஆட்டம். மொத்தக் கணக்கு: 26 வெற்றி, 17 தோல்வி, ஒரு சமன், முடிவற்றவை இரண்டு.

2017இல் யு.எஃப்.சி. தன் புகழ்மண்டபத்தின் முன்னோடிகள் பிரிவில் அவரைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு, குத்தும் உதையும் இல்லாமல் பிடிகளால் மட்டுமே வெல்லும் ‘குவின்டெட்’ என்ற ஐவர் அணிப் போட்டியைத் தொடங்கினார். அதில் ஒவ்வோர் அணியின் மொத்த எடைக்கும் வரம்பு உண்டு.