பாலைவனத்தில் ஒரு தாமரைத் தடாகம்

மறுமை எப்படியிருக்கும் என்ற வினாவுக்கு மனிதன் பாறையைக் குடைந்து விடை தேடிய இடமொன்றுண்டு. சீனத்தின் வடமேற்கே, கோபிப் பாலைவன ஓரத்திலுள்ள துன்ஹுவாங் மொகாவோ குகைகளே அவை. கி.பி. 366இல் லெசுன் என்ற துறவி முதற் குகையைக் குடைந்தார் என்பது மரபு. பின்வந்த ஆயிரம் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குகைகள் கையாலேயே குடையப்பட்டன. அவற்றுள் 492இல் ஓவியங்களும் சுதைச் சிற்பங்களும் எஞ்சியுள்ளன. கூழாங்கற்கள் செறிந்த அப்பாறை நுண்ணிய செதுக்கலுக்கு இடந்தராது. ஆதலால் மண்ணையும் வைக்கோலையும் குழைத்துப் பூசி, அதன்மேல் வண்ணந் தீட்டினர்.

உள்ளூர்க் குடும்பமொன்று அமைத்த 220ஆம் குகையின் தென்சுவரில் அமிதாப புத்தரின் சுகாவதி உலகம் விரிகிறது. கி.பி. 642ஆம் ஆண்டுக் குறிப்புடைய குகை இது. பிற்காலத்தார் தீட்டிய மேற்பூச்சின் கீழ் நெடுங்காலம் மறைந்திருந்து 1940களில் வெளிப்பட்டமையால், ஓவியத்தின் பொலிவு பெரிதுங் குன்றவில்லை. சுவரின் நடுவே பரந்திருப்பது நீர்! தடாகத்தில் பூத்த தாமரைகளுள், மறுபிறப்பெய்திய உயிர்கள் குழந்தைகளாய்க் காட்சி தருகின்றன.

அத்தடாகம் இந்தியாவிலிருந்து வந்த நூல்கள் சொன்னதுதான். ஆயினும் மணற்காற்றிடையே வாழ்ந்த அக்குடும்பத்தார் விளக்கொளியில் அந்நீரைக் கண்டபோது, அது வெறும் நூற்பொருளாகவா இருந்திருக்கும்? மறுமையைத் தேடி அக்குகையுள் நுழைபவர் காண்பது பாலைநில மக்களின் தாகத்தையே எனலாம்.