சிப்பாயா, தியாகியா?

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஜனவரி 26 அன்று பள்ளிக்கூட மைதானம் பக்கம் போயிருக்கிறீர்களா? வெயில் ஏறுவதற்குள் கொடியேற்றிவிடுவார்கள். ஊர் இளைஞர்கள் நாற்காலி போட்டு, மைக் கட்டி, பொன்னாடை வாங்கி வைத்திருப்பார்கள். மெடல் குத்திய சட்டையோடு முன்னாள் ராணுவத்தினர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் முன்பெல்லாம் கதர்ச் சட்டையில் ஒரு பெரியவரும் இருப்பார். மைக்கில் அவரை மட்டும் 'தியாகி' என்பார்கள்.

அவரும் துப்பாக்கி பிடித்தவர்தான். பர்மாக் காட்டில்!

இவையெல்லாம் பழைய ராமநாதபுரம் ஜில்லா ஊர்கள். மழை பொய்த்தால் கண்மாய் வறளும். ஜனங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிடுவார்கள். பினாங்கில் இறங்கினால் ரப்பர் தோட்டம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் ஐ.என்.ஏ.வின் தலைமையை ஏற்றபோது, அதில் சேர்ந்தது ஜப்பானியரிடம் சிக்கிய இந்தியச் சிப்பாய்கள் மட்டும் இல்லை. பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஜான்சி ராணி படைக்குப் போனார்கள். 1944-ல் இம்பால். பட்டினி, மலேரியா, விடாத மழை... தோல்வி.

செத்தவர்களுக்காக சிங்கப்பூர் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப, 1945 ஜூலை 8-ம் தேதி நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அதை வெடி வைத்துத் தகர்த்தது.

அந்த நவம்பரில் செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியதும் நாடே கொதித்தது. ஐ.என்.ஏ. வாரம், ஐ.என்.ஏ. தினம் என்று கொண்டாடினார்கள். தொண்டர்கள் நிதி திரட்டினார்கள். பம்பாய் சினிமா நட்சத்திரங்கள் கொடுத்தார்கள்; விதர்ப்பாவில் அமராவதி ஊர்க் குதிரை வண்டிக்காரர்கள்கூடக் கொடுத்தார்கள்.

அப்புறம்? சுதந்திரம் வந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவம் இவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தோட்டத்திலிருந்து நேராகப் போனவருக்கோ ராணுவப் பதிவேட்டில் பெயரே கிடையாது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். சின்ன வயதில் சட்டையில் குத்திக்கொண்ட அந்தக் காகிதக் கொடி ஞாபகம் இருக்கிறதா? அந்த உண்டியல் காசு முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும். நம் பெரியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

1972-ல்தான், சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி, மத்திய அரசின் தியாகிகள் பென்ஷன் வந்தது. மாதம் 200 ரூபாய். வருட வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை. அதை 1980-ல் எடுத்தார்கள். யுத்தம் முடிந்து அப்போதே 27 வருடம் ஓடியிருந்தது.

சும்மா தருவார்களா? சிறையில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். ரங்கூனில் அடைபட்டவர் ரங்கூனுக்கா போவார்? கூட அடைபட்டவர் யாரையாவது தேடிப் பிடித்துச் சான்று வாங்க வேண்டும். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ! எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் மனுவையும் இன்னொருவர்தான் எழுதித் தர வேண்டும். என்னைக் கேட்டால், திண்ணையில் உட்கார்ந்து அந்த மனுவை எழுதிக் கொடுத்த புண்ணியவான் செய்த மரியாதைக்குப் பக்கத்தில் பொன்னாடை நிற்காது.

டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் ஐ.என்.ஏ. வீரர்கள் முதல்முறையாக இடம்பெற்றது 2019-ல். திறந்த ஜீப்பில் நாலு பேர், எல்லோருக்கும் 90 வயதுக்கு மேல். நால்வருமே வடக்கத்திக்காரர்கள்.

நம் ஊர்களில் இப்போது தியாகியின் பேரனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுகிறார்கள். நல்லதுதான். அடுத்த ஜனவரி 26-க்குப் போனால், மைக் பிடிக்கிற தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். 'தியாகி'யோடு 'ஐ.என்.ஏ. சிப்பாய்' என்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.