சாலையோரத் தபால்பெட்டி யாருடைய பொறுப்பு?

சென்ற குளிர்காலத்தில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஆய்வுப் பணியிலிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னால், சாலையோரத்தில், ஒரு தகரப் பெட்டி தன் கம்பத்தோடு பனியில் விழுந்து கிடந்தது. இரவில் பனி தள்ளும் வண்டி போயிருக்கிறது. காலையில் பார்த்தால் பெட்டி தரையில்.

அடுத்த மூன்று நாள்களும் அவர் ஒரே கேள்வியோடு அலைந்தார்: இதை யார் சரிசெய்ய வேண்டும்? அஞ்சல் நிலையத்தில், "பெட்டி எங்களுடையதன்று" என்றார்கள். சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில், "எங்கள் வண்டியின் தகடு நேராக மோதியிருந்தால் மட்டும் ஈடு தருவோம், வண்டி ஒதுக்கிய பனியின் கனத்தால் விழுந்திருந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். வீட்டுக்காரர், "குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்றார். பெட்டியை நிமிர்த்தும் வரை கடிதம் வராது என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நண்பர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மொழியியல் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சொல். "என் தபால்பெட்டி விழுந்துவிட்டது" என்றார் அவர். நம் நாட்டில் சாலையோரத் தபால்பெட்டியை யாரும் "என்" என்று சொல்வதில்லை. தமிழில் ஒரே சொல் இருக்கிறது; பொருள்கள் இரண்டு. இங்கே சாலையில் நிற்கும் சிவப்புப் பெட்டி கடிதம் புறப்படும் இடம். அதை வைத்தது அரசு. கடிதம் வந்து சேரும் இடம் வீட்டு வாசல். அதுவரை நடந்து வருபவர் தபால்காரர். அமெரிக்க நாட்டுப்புறத்திலோ கடிதம் வந்து சேரும் இடமே சாலையோரம். அங்குள்ள பெட்டியை வாங்கி நட்டவர் அந்த வீட்டுக்காரர்.

இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று. அதற்குப் பின்னால் ஓர் ஒப்பந்தத்தின் வரலாறு இருக்கிறது.

அமெரிக்க நகரங்களில் வீடுதேடிக் கடிதம் கொடுக்கும் இலவசச் சேவை 1863-இல் தொடங்கியது. நாட்டுப்புற உழவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களும் அதே விலைக்குத்தான் அஞ்சல்தலை வாங்கினார்கள். ஆனால் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கவே வண்டி பூட்டிக்கொண்டு பல மைல் போக வேண்டும். உழவர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டன. கடைசியில் 1896 அக்டோபர் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ் டவுன், ஹால்டவுன், யுவில்லா ஆகிய மூன்று ஊர்களிலிருந்து சோதனை முயற்சியாக நாட்டுப்புற இலவச அஞ்சல் புறப்பட்டது. 1902-இல் அது நிலையான சேவையாயிற்று.

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. உழவர் வீடு சாலையிலிருந்து வயலுக்குள் வெகுதூரம் தள்ளி இருக்கும். அஞ்சலர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வண்டியைத் திருப்பினால் ஒரு நாளில் பாதை முடியாது. எனவே அரசு சாலை வரை வரும். வீட்டிலிருந்து சாலை வரையுள்ள தூரம் குடியானவருடையது. அஞ்சலர் வண்டியிலிருந்து இறங்காமலே கையெட்டும் உயரத்தில் பெட்டி ஒன்றை அவரே தம் செலவில் வைக்க வேண்டும்.

மக்கள் கையில் கிடைத்ததை வைத்தார்கள். பன்றிக்கொழுப்பு வந்த வாளி, சவர்க்காரப் பெட்டி, சுருட்டுப் பெட்டி எல்லாம் வேலிக் கம்பங்களில் ஆணியடித்து மாட்டப்பட்டன. மழையில் கடிதங்கள் நனைந்தன. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெட்டிக்கு விதிமுறைகள் வந்தன. 1915-இல் அஞ்சல் துறைப் பொறியாளர் ராய் ஜோரோல்மன் வடிவமைத்த, குகைபோல மேற்புறம் வளைந்த பெட்டிக்கு ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்கத் திரைப்படங்களில் பக்கவாட்டில் சிறு கொடியோடு நாம் பார்க்கும் பெட்டி அதன் வழிவந்ததே. அந்த வடிவத்துக்குக் காப்புரிமை பெறாமல், யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்று அளவுகளை உற்பத்தியாளர்களுக்கு வழங்கியது அரசு. செலவு குடிமக்களுடையது, வடிவம் அரசினுடையது.

இந்தப் பங்கீடு எவ்வளவு சிக்கலானது என்பது 1981-இல் உச்சநீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் இயங்கிய குடிமக்கள் சங்கங்கள் தங்கள் அறிவிப்புகளை அஞ்சல்தலை ஒட்டாமல், கைப்பட வீட்டுப் பெட்டிகளில் போட்டு வந்தன. 1934-இல் வந்த சட்டம் ஒன்று அதைத் தடைசெய்திருந்தது. பெட்டியை வாங்கியவர் வீட்டுக்காரர், அறிவிப்பைப் படிக்கப்போகிறவரும் அவரே, இதில் அரசுக்கு என்ன வேலை என்று சங்கங்கள் கேட்டன. நீதிமன்றப் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. தனியார் காசில் வாங்கியதாயினும், அஞ்சல் பெறும் பெட்டியாக ஏற்கப்பட்டபின் அது நாடு தழுவிய அஞ்சல் அமைப்பின் உறுப்பு என்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்டார்; அவர் பார்வையில் அது வீட்டுக்காரரின் தனிச்சொத்து.

இத்தனைக்கும் பெட்டி நிற்கும் மண் பெரும்பாலும் சாலைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் இருக்கிறது. அங்கே அது நிற்பது ஓர் இசைவின் பேரில். ஆகவே ஒரு சிறு தகரப் பெட்டியில் மூன்று பேருடைய கை இருக்கிறது: வாங்கியவர் வீட்டுக்காரர், உள்ளே எதைப் போடலாம் என்று சொல்வது மத்திய அரசு, காலூன்றிய நிலம் சாலைத் துறையின் ஆளுகையில். வேண்டுமென்றே உடைத்தால் மத்தியச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. ஆனால் உடைந்ததைச் சரிசெய்வது மட்டும் வீட்டுக்காரர் தலையில். பெட்டி பழுதானால் அஞ்சலர் ஒரு படிவத்தை விட்டுச் செல்வார். அதன் எண் 4056. உங்கள் பெட்டியைக் கவனியுங்கள் என்பது அதன் சாரம். ஆண்டுதோறும் மே மாதத்தில் பெட்டிகளைச் சீரமைப்பதற்கென்றே ஒரு வாரத்தையும் அஞ்சல் துறை கடைப்பிடிக்கிறது. நினைவூட்டுவது அரசின் வேலை. சுத்தியல் பிடிப்பது குடிமக்களின் வேலை.

நண்பருக்கு மூன்று இடத்திலும் கிடைத்த பதில்கள் இந்த வரலாற்றிலிருந்தே வந்தவை. அந்த அலுவலர்கள் யாரும் தட்டிக்கழிக்கவில்லை. 1896-இன் ஒப்பந்தத்தைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

இதுவரை இது ஒரு சுவையான செய்தி மட்டுமே. அதற்கு மேல் என்னை யோசிக்க வைத்தது ஓஹியோ மாநிலத்தின் ஒரு வழக்கு.

ஓடும் காரிலிருந்தபடி மட்டையால் தபால்பெட்டிகளை அடித்து நொறுக்குவது அமெரிக்க நாட்டுப்புற இளைஞர்களின் ஒரு பழைய குறும்பு. அதற்கு அங்கே ஒரு விளையாட்டின் பெயரே இருக்கிறது. 1986-இல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ' திரைப்படத்திலும் அப்படி ஒரு காட்சி உண்டு. ஓஹியோவின் ஹூரான் கவுண்டியில் ஒருவருடைய பெட்டி இப்படிப் பலமுறை உடைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் செலவு அவருடையது. ஒரு கட்டத்தில் அவர் இனி உடையவே முடியாதபடி ஒரு கம்பத்தை நட்டார்.

அஞ்சல் துறையின் பரிந்துரை வேறு. மரமாயின் நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம், இரும்புக் குழாயாயின் இரண்டு அங்குல விட்டம், மண்ணுக்குள் 24 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பது அது. வாகனம் மோதினால் கம்பம் வளைய வேண்டும், சாய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவர் நட்டதோ எட்டு அங்குல விட்டமுள்ள உலோகக் குழாய்; ஆழம் 36 அங்குலம்.

2016 டிசம்பரில் ஒரு காலை, கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில் சறுக்கிய ஒரு சரக்குந்து சாலையை விட்டு விலகி அந்தக் கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. ஓட்டியவர் மட்டையேந்திய இளைஞர் அல்லர். வழியில் போன ஒருவர். அவருக்குக் கைகால்கள் செயலிழந்தன.

வழக்கு ஓஹியோ உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2021-இல் தீர்ப்பு வந்தது: பெட்டிக்காரர் பொறுப்பாளியல்லர். அஞ்சல் துறையின் அளவுகள் வழிகாட்டுதல்களே, கட்டளைகள் அல்ல. சாலையில் இயல்பாகச் செல்பவருக்கு அந்தக் கம்பம் இடையூறாக இல்லை. கட்டுப்பாடிழந்து சாலையை விட்டு விலகுபவருக்காக நிலத்துக்காரர் கடமைப்பட்டவர் அல்லர் என்பது அதன் சுருக்கம்.

சட்டத்தின் நோக்கில் தீர்ப்பு சரியா என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தப் பெட்டிக்காரரைக் கொடியவர் என்று நினைக்கத் தோன்றவில்லை. திரும்பத் திரும்ப உடைபடும் ஒன்றைத் தனியாளாகத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியவர், ஒரு நாள் கோபத்தோடுதான் சரிசெய்வார். பொதுச் சாலையின் ஓரத்தில் நிற்கும் ஒன்றைத் தனியொருவரின் பொறுப்பு என்று விட்டுவிட்டால், அவர் தம் பெட்டியைக் காப்பாற்றவே கம்பம் நடுவார். சாலையில் வருபவரை யார் நினைப்பது? பெட்டியும் உறுதியாக நிற்க வேண்டும், மோதுபவரும் பிழைக்க வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்து எண்ணியது அந்த இரண்டங்குலக் கணக்கு. அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது.

அப்படியானால் நம் முறை மேலா? பெட்டி முழுக்க அரசினுடையது என்பதால் இங்கே குழப்பம் குறைவுதான். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் நிலையச் சட்டம் இதைக் கறாராகச் சொன்னது. பெட்டிக்குள் நெருப்போ வெடிபொருளோ அழுக்கோ நீர்மமோ போட்டாலும், பெட்டிக்குக் கேடு விளையும் எதைச் செய்தாலும் 62-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. 63-ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது: அனுமதியின்றிப் பெட்டியின் மேல் விளம்பரம் ஒட்டினாலும், வண்ணமோ தாரோ பூசினாலும் ஐம்பது ரூபாய் வரை அபராதம். கவனிக்க வேண்டியது இது: அழகு கெடுவது மட்டுமன்று, நல்லெண்ணத்தோடு தூரிகையெடுத்துச் சிவப்பு வண்ணம் பூசினாலும் அனுமதி வேண்டும். நூறாண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் குடிமக்களிடம் சொன்னது ஒன்றே: தொடாதே.

2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் இந்தத் தண்டனைப் பிரிவுகளை நீக்கியது. அதே ஆண்டு நிறைவேறி 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் நிலையச் சட்டம் பழைய சட்டத்தையே விலக்கிவிட்டது. தபால்பெட்டியைப் பெயர் சொல்லிக் காத்த பிரிவு இன்று இல்லை. பொதுச் சொத்துகளுக்குச் சேதம் விளைவிப்பதைத் தடுக்கும் 1984-ஆம் ஆண்டுச் சட்டம்போன்ற பொதுவான காப்பு மட்டும் உண்டு. ஆனால் பழைய சட்டம் கற்றுக்கொடுத்த "தொடாதே" மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இதை எழுதும்போது என் விடுதிக்கு வெளியே உள்ள பெட்டி நினைவுக்கு வருகிறது. அதன் கதவின் கீழ்விளிம்பு துருப்பிடித்து இற்றுப்போய், விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் உள்ளே போடும் கடிதம் நனையும். ஈராண்டாக நாள்தோறும் அதைக் கடந்து போகிறேன். யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நானும், நான் சொல்லியிருப்பேன் என்று மற்றவர்களும் நினைத்திருக்கக் கூடும். அங்கே ஒருவர் தனியாகப் பொறுப்பேற்று அளவுக்கு மீறிச் சரிசெய்தார். இங்கே அது எல்லாருடையதாகவும் இருப்பதால் யாரும் வாய்கூடத் திறக்கவில்லை.

பொறுப்பு என்ற சொல்லின் வேர் பொறு. தாங்கு, சும என்பது பொருள். ஒரு சுமையை முழுவதும் ஒருவர் தலையில் வைப்பதும், யார் தலையிலும் வைக்காமல் தெருவில் விடுவதும் ஒரே வகைத் தவறு என்பதுதான் இந்த இரு பெட்டிகளின் வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைத்தது. உடைமை யாருடையது என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லிவிடும். பழுது பார்ப்பது அந்த விடையோடு முடிவதில்லை. பெட்டியைக் கடந்து செல்பவர், பயன்படுத்துபவர், அதன் மேல் மோதக்கூடியவர் எல்லாரும் அதில் சேர்ந்தவர்கள். அமெரிக்காவில் அந்த இரண்டங்குல அளவு கட்டாயமாகியிருந்தால் ஒருவர் இன்று நடமாடிக்கொண்டிருக்கலாம். இங்கே தேவைப்படுவது அதைவிடச் சிறியது: கண்ணில் பட்ட பழுதை உரிய இடத்தில் சொல்வது.

நண்பர் ஒருவழியாகக் கடையில் புதுக் கம்பம் வாங்கி, பக்கத்து வீட்டுப் பெரியவர் துணையோடு நட்டுவிட்டார். நான்குக்கு நான்கு மரம். நானும் நேற்று அஞ்சல் நிலையத்துக்குப் போய், என் விடுதிப் பெட்டியின் ஓட்டையைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் தந்திருக்கிறார்கள். உங்கள் தெருமுனைப் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது?