விலைக்கு வந்த முற்றம்

நண்பர் ஒருவர் மதுரைக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார். தூண் பார்த்து வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் காரைக்குடிக்கு அழைத்துச் சென்றார். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகளையும், ரசம் போன கண்ணாடிகளையும், ரவிவர்மா அச்சுப் படங்களையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். கடைக்காரர் ஒருவர் பின்புறக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே தேக்குத் தூண்கள் விறகு போல அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சுண்ணக்கட்டியால் ஓர் எண். "ஒரே வீட்டு மரம் சார், ஜோடி குலையாம இருக்கு" என்றார். எந்த ஊர் வீடு என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விலையைச் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் மனத்தில் நின்றது ஒரே கேள்விதான். நண்பர் வாங்குவது எதை? மரத்தையா, அழகையா, அல்லது தமக்கு வாய்க்காத ஒரு பழமையையா?

இன்று வீட்டுமனை விளம்பரங்களில் 'செட்டிநாட்டுப் பாணி' என்பது ஒரு மந்திரச் சொல். வாசலில் இரண்டு தூண், கூடத்தில் ஆத்தங்குடி ஓடு, நடுவில் கண்ணாடி மூடிய ஒரு சிறு திறப்பு. இந்த ஈர்ப்பை வெறும் பகட்டு என்று நான் ஒதுக்க மாட்டேன். அடுக்ககத்தின் தீப்பெட்டி அறைகளில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, வீட்டின் நடுவே வானம் தெரிவது என்பது எளிய ஆசையன்று. ஆனால் நாம் 'மரபு' என்று பெயரிட்டு வாங்கும் பொருளின் வரலாறு, நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது.

முதலாவது, அது அத்தனை பழமையானதன்று. இன்று நாம் வியக்கும் பெருவீடுகளில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. கானாடுகாத்தானின் புகழ்பெற்ற அரண்மனை 1912ஐச் சேர்ந்தது. மழை குறைந்த செம்மண் பூமியில் இத்தனை செல்வம் விளைந்ததெப்படி? அது அங்கே விளையவில்லை. கீழ்ப் பர்மா 1852இல் ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வடிநிலக் காடுகள் நெல்வயல்களாயின. காடு வெட்டிக் கழனியாக்கிய பர்மிய உழவனுக்குக் கடன் வேண்டியிருந்தது; ஆங்கிலேய வங்கிகள் அவனிடம் நேரே போகவில்லை, நகரத்தார் போனார்கள். இலங்கை, மலேயா, சைகோன் என்று கிட்டங்கிகள் பரவின. மூன்றாண்டுக் கணக்கில் ஆடவர் கடல் கடந்தனர். ஈட்டியது ஊருக்கு வந்தது.

வந்தது பணம் மட்டுமன்று. பர்மாவிலிருந்து தேக்கு, இலங்கையிலிருந்து முதிரை, இத்தாலியிலிருந்து சலவைக்கல், ஐரோப்பாவிலிருந்து நிறக்கண்ணாடியும் சரவிளக்கும், இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பூ ஓடுகள். ஆக, நாம் இன்று கலப்பற்ற தமிழ் மரபு என்று கைகூப்பும் முகப்பு, அக்காலத்தில் உலகச் சந்தையில் பொறுக்கி எடுத்த பொருள்களின் தொகுப்பு. காரைக்குடிக் கொட்டகையில் தூண் பொறுக்கிய என் நண்பரும், இரங்கூனில் மரம் பொறுக்கிய செட்டியாரும் செய்தது ஒரே வேலைதான் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம்; ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவர் வெளியிலிருந்து வாங்கியது அணியை மட்டும். வீட்டின் அமைப்பை அவர் வாங்கவில்லை.

அந்த அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தெருவிலிருந்து ஏறினால் திண்ணையும் முகப்பும். அங்கேதான் கணக்குப்பிள்ளையும் கைப்பெட்டியும். கொடுக்கல் வாங்கல் பேச்சு அதற்கு உள்ளே போகாது. நிலைக்கதவைக் கடந்தால் வளவு: வான்நோக்கிய முற்றம், சுற்றிலும் தூண்கள் தாங்கிய பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்கப்பால் இரண்டாங்கட்டு, சமையற்கட்டு, பின்வாசல். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள் பல. ஆடவர் பர்மாவில் இருந்த ஆண்டுகளில் இந்த நெடிய வீட்டை ஆண்டவர்கள் பெண்கள்.

வளவைச் சுற்றிய அறைகள் படுக்கையறைகள் அல்ல. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று; அவன் மனைவி கொண்டுவந்த சீர்வரிசைப் பொருள்கள் அதற்குள் இருக்கும். மணமானதும் அவன் ஒரு 'புள்ளி'. கோயில் கணக்கில் தனிக் குடும்பம். சில காலம் சென்றபின் பெற்றோர் அவர்களை 'வேறு வைப்பார்கள்'. ஒரே கூரையின் கீழ்த் தனி உலை, தனிக் கணக்கு. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. மனையறம் படுத்த காதையில் கோவலனின் தாய், மணமக்களுக்குப் பொருள் கொடுத்துத் தனி மனையில் இல்லறம் நடத்த வைக்கிறாள். காவிரிப்பூம்பட்டினத்தைத் தம் பூர்விகமாகச் சொல்லும் ஒரு வணிகக் குடி இவ்வழக்கத்தை 20ஆம் நூற்றாண்டுவரை பேணியது என்பது, எந்தத் தூணைவிடவும் பெரிய பழமை. கூடி இருப்பதற்கும் தனித்து நிற்பதற்கும் இடையே ஒரு குடும்பம் கண்ட உடன்பாடுதான் அந்த முற்றமும் அறைகளும்.

கட்டுமானத்திலும் இதே நுண்மை. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பல பூச்சாகப் பூசித் தேய்த்த சுவர், இன்றும் தொட்டால் குளிர்கிறது. பல அடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு வெயிலைத் தடுத்தது. கூரைச் சரிவெல்லாம் முற்றத்தை நோக்கி இறங்கியது வறண்ட நாட்டின் மழைநீர்க் கணக்கு. கண்ணாடி போட்டு மூடிய முற்றத்தில் காற்று மேலேறி வெளியேறவும் வழியில்லை, மழை உள்ளே இறங்கவும் வழியில்லை. வெளிச்சம் மட்டும் மிஞ்சும்.

இத்தனை வீடுகளும் எப்போது விறகாகத் தொடங்கின? 1930இல் நெல் விலை சரிந்தது. கடன்பட்ட உழவரால் திருப்பித் தர முடியவில்லை. அடகு நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937க்குள் ஏறத்தாழக் கால் பங்கானது. நிலம் இழந்தவனின் சினத்தை நாம் வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது. அந்தத் தேக்கின் பளபளப்பில் அவனுக்கும் ஒரு பங்குண்டு. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமாக்கச் சட்டமியற்றியது. 1962இன் இராணுவ ஆட்சிக்குப்பின் எஞ்சியதும் போயிற்று. அள்ளித் தந்த நிலத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு எஞ்சியது, பராமரிக்கவே பெரும்பொருள் கேட்கும் ஒரு வீடு.

அந்த வீடும் ஒருவருடையதன்று. கட்டியவரின் ஆண் வாரிசுகள் அனைவருக்கும் பங்கு. மூன்று தலைமுறையில் பங்காளிகள் பலராகிச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் சிதறியிருக்கிறார்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் இசைய வேண்டும். திருமணத்துக்கும் சடங்குக்கும் திறந்து பின் பூட்டுகிறார்கள். ஒழுகத் தொடங்கிய கூரை நான்கு மழைக்காலத்தில் உத்தரத்தை அரித்துவிடும். அப்போது மரத்தின் விலை வீட்டின் விலையைவிட எளிதாகப் பங்கிடத்தக்கதாகிறது. இடிப்பவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் வெளியே நின்று மரபைப் பேசும் நாம் அந்த வரிச் சீட்டையும் பழுதுச் செலவையும் கட்டப்போவதில்லை.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. ஆயினும் இவ்வீடுகளின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பவர்கள் என் நண்பரைப் போன்ற வீடு கட்டுவோர்தாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுடைய ஆசை இரண்டு திசையில் வேலை செய்கிறது. ஆத்தங்குடி ஓட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிப் பலகைமேல் சட்டம் வைத்து, வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அவ்வூர் மணலும் சிமெண்டும் சேர்த்து, நீரில் ஊறவைத்து எடுக்கும் கைவேலை அது. புதிய வீடுகளின் தேவை அத்தொழிலை வாழவைக்கிறது. புதிதாய் வார்த்த ஓட்டால் எந்த வீடும் இடிவதில்லை. பழைய தூணின் கதை வேறு. அதை ஒருவர் விரும்பி வாங்கும்போது, இன்னொரு வீட்டை நிற்கவைப்பதைவிடப் பிரிப்பது இலாபம் என்று ஆகிறது. ஒரு பாணியின்மேல் நாம் கொண்ட காதலே அப்பாணியின் மூலத்தைத் தின்னும் நிலை இது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நான் வாங்கலேன்னா அந்த மரம் மறுபடி வீடாயிடுமா?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இரண்டு தூண்கள் வாங்கினார். தச்சர் இழைப்புளியால் அந்தச் சுண்ணக்கட்டி எண்ணைச் சீவி எடுத்த நாளில் நான் அங்கே இருந்தேன். வீட்டைப் பிரித்தவர்கள் மீண்டும் கூட்டுவதற்கு வசதியாக இட்ட எண், கூட்டத்தான் ஒருவருமில்லை.

புதுமனை புகுவிழாவில் வந்தவர்கள் எல்லோரும் தூணைத் தொட்டுப் பார்த்து வயதைக் கேட்டார்கள். நூறு வருஷம் என்றார் நண்பர் பெருமையோடு. எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நூறாண்டில் அது எந்த வளவில் நின்றது, எத்தனை புள்ளிகளின் உலை அதன் அருகே எரிந்தது என்பது அவருக்கும் தெரியாது. பழைய மரம் வாங்குவோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: விலை பேசுமுன் ஊரின் பெயரைக் கேளுங்கள், சொல்லாதவரிடம் வாங்காதீர்கள், சொன்னால் அதை வீட்டுப் பத்திரத்தோடு எழுதி வையுங்கள். ஒரு வீட்டைக் காப்பாற்ற இது போதாது. ஆனால் ஊர்ப்பெயரும் அற்றுப்போன தூணை மரபு என்று அழைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?