அரசும் அரிசியும்: சீன அதிகாரப் போராட்டம் புகட்டும் பாடம்

இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் வீழ்ந்தமையும் புதிய அரசுகள் எழுந்தமையும் பல. அவற்றுள், மக்கட்டொகையாலும் நிலப்பரப்பாலும் பின்விளைவாலும் மிகப் பெரியவற்றுள் ஒன்று, சீனாவின் தேசியக் கட்சியாகிய கோமின்டாங்குக்கும் பொதுவுடைமைக் கட்சிக்கும் இடையே 1927 முதல் 1949 வரை நிகழ்ந்த அதிகாரப் போராட்டமாகும். பெரும்படையும் விமானங்களும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பேருதவியும் பெற்றிருந்த ஓர் அரசு, மலைக்குகைகளில் ஒதுங்கியிருந்த ஒரு கட்சியிடம் தோற்றது எவ்வாறு? இவ்வினாவுக்குப் படைத்தலைவர் ஒரு விடையும் இராசதந்திரிகள் மற்றொரு விடையும் கூறுவர். எனினும், அப்போராட்டத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் ஊன்றி நோக்குவார்க்கு, நிலமும் தானியமும் யார் கையில் இருந்தன, எவ்வாறு பகிரப்பட்டன என்பதே அதன் போக்கைப் பெரிதும் நிருணயித்தது என்பது புலனாகும். அவ்விரு கட்சிகளையும் பற்றி யாதும் அறியாத ஈழநாட்டுக் குடும்பங்களின் உலைப்பானையையும் அப்போராட்டத்தின் முடிவு வந்து தொட்டது. ஆகவே அதன் வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

1911 ஆம் ஆண்டுப் புரட்சியால் மஞ்சு வம்சத்தின் ஆட்சி சரிந்தது. ஆயினும், குடியரசு என்னும் பெயர் மட்டுமே நிலைத்தது. நாடு மாகாணப் படைத்தலைவர்களின் வேட்டைக்காடாயிற்று. இவர்களை அடக்கி நாட்டை ஒன்றுபடுத்த விழைந்த சன் யாட் சென், மேனாடுகளின் ஆதரவு கிட்டாத நிலையில் சோவியத்து உருசியாவின் துணையை நாடினார். 1921 இல் சாங்காயில் ஏறக்குறைய ஐம்பது உறுப்பினரோடு தோன்றிய பொதுவுடைமைக் கட்சி, 1924 இல் கோமின்டாங்குடன் கூட்டுச் சேர்ந்தது. அவ்வாண்டிலே நிறுவப்பட்ட வாம்போவா இராணுவக் கல்லூரியில் சியாங் கை ஷேக் தலைவராக விளங்க, சூ என் லாய் அரசியற் போதனைப் பகுதியில் பணியாற்றினார். பிற்காலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொருதவிருந்த இருவரும் ஒரே கூரையின்கீழ்ப் பணிபுரிந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

1925 மார்ச் மாதத்தில் சன் யாட் சென் காலமானார். அடுத்த ஆண்டு சியாங்கின் தலைமையில் வடதிசைப் படையெடுப்புத் தொடங்கிற்று. படை முன்னேறிய இடமெங்கும் குடியானவர் சங்கங்கள் முளைத்தன, குத்தகை மறுக்கப்பட்டது, சில இடங்களில் நிலவுடைமையாளர் துரத்தப்பட்டனர். கோமின்டாங்குப் படையதிகாரிகளுட் பலரோ நிலவுடைமைக் குடும்பங்களின் பிள்ளைகள். கூட்டணியின் அடித்தளத்தில் விழுந்த முதற்பிளவு இதுவே. 1927 ஏப்பிரல் 12 ஆம் நாள் சாங்காயில் சியாங்கின் படையினரும் அவருக்குத் துணைநின்ற கூலிப்படையினரும் பொதுவுடைமையாளரையும் தொழிற்சங்கத்தினரையும் கொன்று குவித்தனர். வூகானில் இயங்கிய கோமின்டாங்கின் இடதுசாரிப் பிரிவு மட்டும் சில மாதம் கூட்டுறவைத் தொடர்ந்தது. அங்கே அனைத்துலகப் பொதுவுடைமை இயக்கத்தின் பிரதிநிதியாக இருந்தவர் இந்தியரான எம். என். ராய். நிலப்பறிமுதலையும் தனிப்படை அமைப்பையும் வற்புறுத்தி ஸ்டாலின் அனுப்பிய தந்தியை அவர் வூகான் தலைவராகிய வாங் சிங் வேயிடமே காட்டினார். எஞ்சிய நம்பிக்கையும் குலைந்தது. 1927 யூலையில் அங்கும் பொதுவுடைமையாளர் வெளியேற்றப்பட்டனர். இவ்வாறு, முதற்கூட்டணி முறிந்தமைக்கு நிலப்பிரச்சினையே முதன்மையான காரணங்களுள் ஒன்றாயிற்று.

நான்கிங்கில் அமைந்த சியாங்கின் அரசைச் செயலற்ற அரசென்று தள்ளிவிடல் நீதியாகாது. வீதிகளும் இருப்புப்பாதைகளும் பெருகின, நாணயம் சீர்செய்யப்பட்டது, சுங்கவரி விதிக்கும் உரிமை அந்நியரிடமிருந்து மீட்கப்பட்டது. ஆனால், அவ்வரசின் வேர் துறைமுக நகரங்களிலும் வங்கிகளிலும் இருந்ததேயன்றிக் கிராமத்தில் இறங்கவில்லை. 1930 இல் அது இயற்றிய நிலச்சட்டம், குத்தகை விளைச்சலின் நூற்றுக்கு 37.5 பங்கை மேவலாகாது என விதித்தது. பாதி விளைச்சலும் அதற்கு மேலும் குத்தகையாகக் கொடுத்துவந்த உழவனுக்கு அது பெருவரமாக அமைந்திருக்கும். சட்டமோ ஏட்டிலேயே உறங்கிற்று. அதனை நடைமுறைப்படுத்த வேண்டிய உள்ளூர் அதிகாரிகள் நிலவுடைமையாளருக்கு உறவினராகவோ அவரைச் சார்ந்து வாழ்பவராகவோ இருந்தமையே காரணம்.

இதே காலத்தில் மா சே துங் முதலியோர் மலைப்புறங்களில் நிலத்தைப் பறித்துப் பகிர்ந்தளித்துப் படை திரட்டினர். 1931 நவம்பரில் கியாங்சி மாகாணத்திலே சோவியத்துக் குடியரசொன்றையும் பிரகடனம் செய்தனர். சியாங் ஐந்துமுறை சுற்றிவளைத்துத் தாக்கினார். ஐந்தாவது முற்றுகை வெற்றிபெறவே, 1934 ஒக்டோபரில் ஏறக்குறைய 86,000 பேர் அப்பிரதேசத்தை விட்டு நெடும்பயணம் புறப்பட்டனர். ஓராண்டின் பின் வடமேற்கே சென்சி மாகாணத்தை அடைந்தோர் பத்தாயிரத்திலும் குறைந்தோர். அன்றைய நிலையில், பொதுவுடைமை இயக்கம் அணையும் விளக்கென்றே பலரும் கருதினர்.

யப்பானின் படையெடுப்பு அக்கணக்கைப் புரட்டிவிட்டது. 1936 டிசெம்பரில் சியாங்கை அவருடைய படைத்தலைவரே சியான் நகரிற் சிறைப்பிடித்து, உள்நாட்டுப் போரை நிறுத்தி யப்பானை எதிர்க்குமாறு நிர்ப்பந்தித்தார். 1937 யூலையில் முழுப்போர் மூண்டது. பெரும்போர்களிற் பேரிழப்பைத் தாங்கிய படை கோமின்டாங்கின் படையே என்பதை நடுநிலையாளர் மறுத்தல் இயலாது. இந்திய தேசிய காங்கிரசு 1938 இல் அனுப்பிய ஐந்து மருத்துவருள் ஒருவரான துவாரகாநாத் கோட்னிசு, வடசீனத்துப் பொதுவுடைமைப் பிரதேசத்திற் பணியாற்றி 1942 டிசெம்பரில் அங்கேயே உயிர்நீத்தார். அடிமைப்பட்ட இந்தியா அன்று கட்சி பாராது சீனத்தின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொண்டதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

எனினும், அப்போரிலேதான் தேசிய அரசின் உயிர்நாடி அறுந்தது. கரையோர நகரங்களை இழந்த அரசு, 1941 முதல் நிலவரியைத் தானியமாகவே அறவிட்டது. 1942 இல் ஓனான் மாகாணத்தில் மழை பொய்த்தது; பஞ்சம் பரவிற்று; அப்பொழுதும் வரித்தானியம் வாங்கப்பட்டது. 20 இலட்சத்துக்கும் 30 இலட்சத்துக்கும் இடைப்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுவர். 1944 இல் யப்பானியர் அம்மாகாணத்தைத் தாக்கியபோது, சிதறியோடிய அரசுப் படைவீரரின் ஆயுதங்களை அவ்வூர்க் குடியானவரே பறித்துக்கொண்டனர். அரசுக்கும் குடிகளுக்கும் இடையே இருந்த உறவு எந்நிலைக்கு இறங்கிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பொதுவுடைமையாளரோ, கூட்டணியின் பொருட்டு நிலப்பறிமுதலை நிறுத்தி, குத்தகையையும் வட்டியையும் குறைத்து, யப்பானியரின் பின்புறக் கிராமங்களில் வேரூன்றினர். 1945 இல் அவர்தம் கட்சி உறுப்பினர் தொகை 12 இலட்சமாயிற்று.

யப்பான் சரணடைந்தபின் அமெரிக்கத் தூதர் மார்ஷல் ஓராண்டுக்கு மேலாகச் சமரசம் பேசியும் பயன் விளையவில்லை. 1946 நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபோது, அரசுப்படையினர் ஏறக்குறைய 43 இலட்சம். எதிர்ப்படையினர் 13 இலட்சத்திலும் சற்றுக் குறைவு. 1947 மார்ச்சில் பொதுவுடைமையாளரின் தலைநகராகிய யெனானையும் அரசுப்படை கைப்பற்றியது. ஆனால், நகரங்களைப் பிடித்த படை அந்நகரங்களிலேயே அடைபட்டது. கிராமங்களில் 1946 முதல் நிலப்பறிமுதல் மீண்டும் நடந்தது. அது சாந்தமாக நடந்த சீர்திருத்தமன்று. நிலவுடைமையாளர் பலர் அடியுண்டும் கொலையுண்டும் மடிந்தனர். நிலம் பெற்றவனோ, பழைய அரசு மீண்டால் தன் நிலமும் போம், உயிரும் போம் என அஞ்சிப் புதிய படையோடு தன்னைப் பிணைத்துக்கொண்டான்.

நகரமக்களின் ஆதரவையும் அரசு தன் கையாலேயே இழந்தது. போர்ச்செலவை ஈடுசெய்ய வரையின்றிக் காசுத்தாள் அச்சிடப்பட்டது. 1948 ஓகஸ்டில் முப்பது இலட்சம் பழைய யுவானுக்கு ஒரு தங்க யுவான் என்ற விகிதத்திற் புதிய நாணயம் வெளியிடப்பட்டது. மக்கள் தம் பொன்னையும் வெள்ளியையும் ஒப்படைக்குமாறு கட்டளையிடப்பட்டனர். கட்டளைக்குப் பணிந்தோர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினரே. சில மாதங்களுள் அந்நாணயமும் செல்லாக்காசாயிற்று. சியாங்கை ஆதரிக்கக்கூடியவராயிருந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் சிறுவணிகரும் ஒருங்கே வறியராயினர்.

1948 செப்டெம்பர் முதல் 1949 ஜனவரி வரை நிகழ்ந்த மூன்று பெரும்போர்கள் முடிவை நிச்சயித்தன. குவாய்காய்ப் போரிலே இலட்சக்கணக்கான குடியானவர் தள்ளுவண்டிகளில் தானியம் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுசென்றனர். வென்றோரின் கையிலும் தானியம் ஆயுதமாயிருந்தமையை இங்கே மறைத்தலாகாது. மஞ்சூரியாவின் சாங்சுன் நகரத்தை 1948 மே முதல் ஒக்டோபர் வரை பொதுவுடைமைப்படை முற்றுகையிட்டு, உணவு உட்செல்லாமலும் மக்கள் வெளியேறாமலும் தடுத்தது. பட்டினியால் மாண்ட குடிமக்கள் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையார் என்பர். 1949 ஏப்பிரலில் நான்கிங் வீழ்ந்தது. ஒக்டோபர் 1 ஆம் நாள் மக்கள் குடியரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. டிசெம்பரில் சியாங் தைவான் தீவைச் சென்றடைந்தார்.

சீனாவின் உண்மை அரசு எது என்னும் வினா அப்பொழுது உலக நாடுகளின் முன் எழுந்தது. 1950 ஜனவரியில் இலங்கை மக்கள் குடியரசை அங்கீகரித்தது. உள்நாட்டில் இடதுசாரிகளைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியே அன்று இலங்கையை ஆண்டது என்பது கவனிக்கத்தக்கது. சில ஆண்டுகளுள் அரிசி நெருக்கடி மூண்டது. கொரியப் போரின் விளைவாக 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை, சீனாவுக்குப் போர்ப்பயன் பொருள்களை அனுப்பலாகாது எனத் தீர்மானித்திருந்தது. இலங்கை அன்று அச்சபையின் உறுப்பு நாடன்று. உலகச்சந்தையில் அரிசி விலை ஏறவும் றப்பர் விலை இறங்கவும் கண்ட இலங்கை, அமெரிக்காவிடம் எதிர்பார்த்த உதவி கிட்டாமையால், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்காவைப் பீக்கிங்குக்கு அனுப்பியது. 1952 டிசெம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 2,70,000 தொன் அரிசியும் இலங்கை 50,000 தொன் றப்பரும் அனுப்புவதென முடிவாயிற்று. இரு நாடுகளும் தூதரகத் தொடர்பு கொண்டதோ 1957 இலேதான். தூதருக்கு முன்னரே அரிசி வந்துவிட்டது.

இவ்வொப்பந்தத்தின் பொருளை உணர யாழ்ப்பாணத்துக் குருநகரை எண்ணிப் பார்த்தல் தகும். பழைய பெயரால் கரையூர் எனப்படும் அப்பகுதி, கடற்றொழிலையே உயிராகக் கொண்டது. வயலுடையவன் தன் நெல்லிற் சிறிது சேமித்து வைக்கலாம். கடலை நம்பியவனுக்கு அவ்வாய்ப்பில்லை. அன்றாடம் மீனை விற்றே அரிசி வாங்க வேண்டும். 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்ற காலந்தொட்டு, கூப்பன் அரிசியே இத்தகைய ஊர்களின் அடிப்படை. அவர்களுக்கு அரிசியின் நிறம் எக்கட்சியின் நிறமென்பது வினாவன்று. விலை என்ன, நாளைக்கும் கிடைக்குமா என்பவையே வினா.

ஒப்பந்தம் இருந்தும் 1953 யூலையில் அரசு கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்டு 12 ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். சீனத்தில் ஓர் ஆட்சியை அகற்றப் பெரும்போர் வேண்டியிருந்தது. ஈழத்தில் ஒருநாட் கிளர்ச்சி ஒரு பிரதமரை அசைத்தது. ஆனால், இங்கும் எல்லார்க்கும் குரல் இருந்ததில்லை. அரிசிக்கு ஈடாகச் சென்ற றப்பரின் பாலை வடித்தோருட் பலர், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாற் குடியுரிமையும், அடுத்த ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் இழந்த மலைநாட்டுத் தமிழர். நாட்டுக்கு அரிசி தேடிக் கொடுத்தவர்க்கு நாட்டில் இடமில்லை என்றாயிற்று.

போராட்டத்தின் பின்னுரையும் ஆராயத்தக்கது. சீனப் பெருநிலத்தில் ஏட்டில் உறங்கிய 37.5 வீத வரம்பைக் கோமின்டாங்கு தைவானில் 1949 இல் உடனே நடைமுறைப்படுத்தியது. 1953 இல் உழுவோர்க்கே நிலத்தை உரிமையாக்கிற்று. அங்கே நிலம் அதிகாரிகளின் உறவினருக்கு உரியதாயிராமையால் சட்டத்துக்குத் தடையில்லை. அதே தீவில் 1947 இல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதும், 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டத்தின்கீழ் ஆண்டதும் அதே கட்சியே. மறுபுறத்தில், குடியானவர்க்கு நிலம் கொடுத்து வென்ற கட்சி, சில ஆண்டுகளிலே அந்நிலத்தைக் கூட்டுப்பண்ணைகளுள் அடக்கியது. 1958 இன் பெரும்பாய்ச்சல் திட்டத்தில் அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்திக் கணக்குக் காட்டினர். அக்கணக்கின்படி தானியம் அறவிடப்பட்டது. 1959 முதல் 1961 வரை நிகழ்ந்த பஞ்சத்தில் மாண்டோர் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர். பஞ்சம் தொடங்கிய ஆண்டுகளிலும் சீனத் தானியம் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. ஓனானில் வறண்ட வயலுக்கு வரி கேட்ட அரசை வீழ்த்தியவர்கள், அதே மாகாணத்தில் இல்லாத விளைச்சலுக்குத் தானியம் கேட்டனர்.

ஆகவே, இவ்வரலாற்றை நல்லோர்க்கும் தீயோர்க்கும் நிகழ்ந்த போராகச் சுருக்கிக் கூறுதல் பொருந்தாது. குடிகளின் பசியை அறிந்தவன் அரசைப் பெற்றான். பெற்றபின் அதனை அறியும் வழியை அடைத்தவனும் குடிகளைப் பட்டினியில் வீழ்த்தினான். பசித்தவன் தன் பசியை அஞ்சாது எடுத்துரைக்கவும், உண்மைக் கணக்கு ஆள்வோரின் செவிக்கு எட்டவும் வழியுள்ள நாட்டிலேயே அரசும் அரிசியும் பிரியாது நிற்கும். அவ்வழியை எல்லார்க்கும் திறந்து வைத்தல், எக்கொடி ஏறினும் மாறாத கடமையாகும்.