41 வருட இடைவெளி - இந்தியக் குதிரையேற்றத்தின் கதை

1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குக் குதிரையேற்றத்தில் மூன்று தங்கம். ஈவென்டிங் தனிநபர் பிரிவில் தஃபேதார் ரகுபீர் சிங் வென்றார். ஈவென்டிங் அணிக்கும் தங்கம் கிடைத்தது. இன்னொன்று ரூபிந்தர் சிங் பிராருக்கு.

அடுத்த தங்கம் எப்போது தெரியுமா? 2023ல்! இடையில் 2002லும் 2006லும் ஈவென்டிங் அணி வெண்கலம் வாங்கியது, ஆனால் தங்கம் மட்டும் எட்டவே இல்லை. ஏன் இந்த 41 வருட இடைவெளி?

1982ல் வென்றவர்களை வளர்த்தது ராணுவம். குதிரை, தீவனம், மைதானம், பயிற்சியாளர், சம்பளம் எல்லாமே ராணுவத்தின் பொறுப்பு. குதிரை வாங்க வசதியில்லாத வீட்டுப் பையனும் சிப்பாயாகச் சேர்ந்தால் சேணத்தில் ஏறலாம். ஆனால் ராணுவத்துக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஏணி இல்லை.

ஐரோப்பாவில் நிலைமையே வேறு. அங்கே 12-14 வயதினருக்கு ஒரு பிரிவு, 14-18க்கு ஜூனியர், 16-21க்கு யங் ரைடர், அதன் பிறகு 25 வயதுக்கு உட்பட்டோர் என்று படிப்படியாகப் போட்டிகள் உண்டு. பெரியவர்களோடு மோதுவதற்குள் பல வருட அனுபவம் கைக்கு வந்துவிடும்.

நம்மூர்ப் பிள்ளைகள் அங்கே போய்ப் போட்டியிடலாமே என்றால், கூட ஓடும் குதிரைக்கு விசா கிடைக்காது! குதிரை நோய் தொடர்பான தடுப்பு விதிகளால் இந்தியக் குதிரைகளை வெளிநாடு கொண்டு போவது பெரும்பாடு. ஆகவே அங்கேயே குதிரை வாங்கி, அங்கேயே தங்கி, அங்கேயே பழக வேண்டும். செலவுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்த வழியில் முதலில் ஜெயித்துக் காட்டியவர் பெங்களூரின் ஃபவாத் மிர்சா. எம்பஸி குழுமத்தின் ஆதரவோடு ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். 2018 ஜகார்த்தாவில் தனிநபர், அணி என இரண்டு வெள்ளி. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23வது இடம். 2000ல் சிட்னி சென்ற இம்தியாஸ் அனீஸுக்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் இவர்தான்.

2023 ஹாங்சோவில் அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கத்தைக் கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஐரோப்பாவில் பயிற்சி பெற்ற இளைஞர்கள். கொல்கத்தாவின் அனுஷ் 17 வயதிலேயே ஜெர்மனி போனவர். தனிநபர் வெண்கலமும் அவருக்கே. 2024 பாரிஸில் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பங்கேற்ற முதல் இந்தியரும் அவர்தான். முதல் சுற்றோடு வெளியேறினாலும் அது பெரிய தொடக்கம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1982ல் தங்கம் வெல்ல ராணுவத்தில் சேர்ந்தால் போதும். 2023ல் குடும்பத்துக்கு வசதியோ ஒரு நிறுவனத்தின் ஆதரவோ வேண்டியிருந்தது. வசதியில்லாத திறமைசாலி இந்தக் கணக்கில் எங்கே வருவான்?

2025ல் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்தின் குதிரை வளாகம் நோயற்ற பகுதியாக உலக விலங்கு நல அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டது. இனி இங்கே வளர்ந்த குதிரையும் வெளிநாட்டுக் களத்தில் இறங்க வழி உண்டு. குதிரைக்குக் கதவு திறந்துவிட்டது. ஏறத் துடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது திறந்தால்தான் அடுத்த தங்கத்துக்கு இன்னொரு 41 வருடம் ஆகாது.