பூத்தையல் கண்ட அம்மையார்

கஹவத்தையில் தேயிலைச் சரிவுகளுக்கும் இரப்பர்க் காடுகளுக்கும் கீழே மாணிக்கக் குழிகள் உள்ளன. சபரகமுவ மாகாணத்தின் இத்தகைய மண்ணை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1903இல் இலங்கை வந்த அவர் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளரானார். உடன் ஊரூராய்ச் சென்ற துணைவியார் எதெல் அம்மையாருக்கோ உத்தியோகம் எதுவுமில்லை. ஆர்வத்தின் பேரிலேயே புகைப்படம் பிடித்தார். கண்டிச் சீமையின் பழைய பூத்தையல்களை ஆராய்ந்தார். ஆலைத்துணி வந்து கைவேலை அருகிக்கொண்டிருந்த காலம் அது. 1908இல் வெளியான குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலின் படங்களுட் பல அம்மையார் எடுத்தவை. கணவரின் புகழில் அவர் பெயர் மறைந்தது நியாயமன்று.

பின்னர் இங்கிலாந்தில் நெசவே அவருக்கு வாழ்வாயிற்று. 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி நூலொன்று எழுதினார். அதில் நம் லயத்து வேலியோரத்து மஞ்சளும் உண்டு. நிறம் பளிச்சென்றிருக்கும், ஆனால் நிலைக்காது என்கிறார்.